பித்தப்பைக்காகக் காத்திருந்த நான்கு மணி நேரம்

இரண்டாயிரங்களின் நடுவில், எம்.பி.பி.எஸ். முடித்த கையோடு திருத்தணியில் ஒரு சிறிய மருத்துவமனையில் சேர்ந்திருந்தேன். அப்போதுதான் அங்கே கட்டிலருகே கொண்டுபோகக்கூடிய ஸ்கேன் மிஷின் வந்திருந்தது. எனக்குக் கால் தரையில் பாவவில்லை. யார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தாலும் மிஷினோடு போய் நின்றுவிடுவேன்.

ஒரு நாள் காலை அம்மையார்குப்பத்து நெசவுக் குடும்பம் ஒன்று ஐம்பது நாள் ஆண் குழந்தையோடு வந்தது. கண்ணெல்லாம் மஞ்சள். மலம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

"மஞ்சா தேச்சிக் குளிப்பாட்றோம் இல்லீங்களா, அந்தக் கலருதான் ஒட்டிகினு கீதுன்னு இருந்துட்டோம்" என்றார் குழந்தையின் அம்மா.

எனக்குப் பொறி தட்டியது. பிறக்கும்போதே பித்தக்குழாய் அடைபடும் அபூர்வ நோய்! இரண்டு மாதத்துக்குள் அறுவை சிகிச்சை செய்தால் ஈரல் பிழைக்க வழியுண்டு. இந்த நோயில் பெரும்பாலும் ஸ்கேனில் பித்தப்பை சரியாகத் தெரியாது. ஓடிப்போய் மிஷினைக் கொண்டுவந்தேன்.

"புள்ளதான் பொறந்துட்டானே, இன்னும் எதுக்கும்மா ஸ்கேனு?" என்று சிரித்தார் அப்பா.

பித்தப்பையைக் காணவில்லை. நோயின் பெயரைச் சத்தமாகவே சொல்லிவிட்டேன். அம்மாவின் முகம் செத்துவிட்டது. அதற்குப் பிறகுதான், கடைசியாக எப்போது பால் கொடுத்தீர்கள் என்று கேட்கத் தோன்றியது.

"இப்பதாங்க. அழுதுகினே இருந்தான்."

பால் குடித்தால் நல்ல பித்தப்பையும் சுருங்கிவிடும். படித்த பாடம்தான், அவசரத்தில் மறந்திருந்தேன். நான்கு மணி நேரம் பால் கொடுக்காமல் மறுபடி பார்க்கவேண்டும் என்றேன்.

குழந்தை வீறிட்டது. அம்மாவின் ரவிக்கை பாலில் நனைந்தது. "பொறுடா நைனா, பொறுடா" என்று அப்பா தோளில் போட்டு நடந்தார். நானும் கடிகாரத்துக்கும் கட்டிலுக்கும் நடந்துகொண்டே இருந்தேன்.

"அந்தப் பை தெரிஞ்சிடணும் முருகா" என்று மலைப்பக்கம் திரும்பிக் கும்பிட்டார் அம்மா. திடுக்கிட்டேன். நானும் உள்ளுக்குள் வேண்டிக்கொண்டுதான் இருந்தேன், தெரியக்கூடாது என்று. தெரிந்துவிட்டால் நான் உளறியது அம்பலமாகிவிடுமே!

மறுபடி ஜெல் தடவினேன்.

"தெரியுதா டாக்டரம்மா?"

பித்தப்பை இருக்கவேண்டிய இடத்தில் நூல் போல ஒரு கோடு மட்டும் இருந்தது. என் சந்தேகம் சரிதான்.

அன்று மதியமே சென்னைக்கு அனுப்பினோம். அங்கே மற்ற பரிசோதனைகளிலும் அதுவே உறுதியாகி, அறுவை சிகிச்சை நடந்தது. சில வாரம் கழித்து, கண்ணில் மஞ்சள் போய் வெளுத்துவிட்டது என்று அப்பா போன் செய்து அழுதுகொண்டே நன்றி சொன்னார். ஒரு குழந்தைக்கு நோய் இருக்கவேண்டும் என்று நான்கு மணி நேரம் ஆசைப்பட்டவளுக்குச் சொன்ன நன்றி அது. இன்றும் அதை முழுதாக வாங்கிக்கொள்ள என்னால் முடியவில்லை.