என்னை மேற்கோள் காட்டியவர்கள்

காலையில் பல் துலக்குவதற்கு முன்பே கைப்பேசியைப் பார்க்கிற கெட்ட பழக்கம் எனக்கு உண்டு. வாரத்தில் ஒருமுறையாவது அந்த மின்னஞ்சல் வந்திருக்கும். பிள்ளை பெற்ற பெண்களின் மனச்சோர்வைப் பற்றி நான் எழுதிய கட்டுரையை எங்கோ ஒரு நாட்டில் யாரோ ஒருவர் தன் கட்டுரையில் மேற்கோள் காட்டியிருப்பதாகச் சொல்லும். முதலில் வந்தபோதெல்லாம் கணவரை எழுப்பிக் காட்டினேன். இப்போது படித்ததும் அழித்துவிடுகிறேன். எங்கள் ஆராய்ச்சித் தொழிலில் ஒருவரை எத்தனை பேர் மேற்கோள் காட்டுகிறார்கள் என்பதை வைத்துத்தான் அவருக்கு மதிப்பு. என் மதிப்பு ஏறிக்கொண்டே போனது. எனக்கென்னவோ அலுப்புதான் ஏறியது.

அந்தக் கட்டுரைக்காகக் காரைக்கால்மேடு, கோட்டுச்சேரிமேடு, திருவேட்டக்குடி என்று மீனவ ஊர்களில் வெயிலில் அலைந்து முகமே கறுத்துப்போயிருந்தது. மீன் ஏலம் முடிந்து வீடுகள் கொஞ்சம் ஓய்கிற நேரம் பார்த்துப் போவேன். கைக்குழந்தைக்காரியின் பக்கத்தில் உட்கார்ந்து, தூக்கம் வருகிறதா, காரணமில்லாமல் அழுகை வருகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, பதிலுக்கு மதிப்பெண் போடுவேன். மதிப்பெண் கூடுதலாக வந்தவர்களுக்கு ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுப்பேன். பிறகு அடுத்த வீடு.

கட்டுரைக்குப் பேர் கிடைத்ததும் நான் பாடம் எடுக்கும் கல்லூரி வாசலில் என் படத்தைப் போட்டு ஒரு போர்டு வைத்தார்கள். படத்தில் யாரையோ முறைத்துக்கொண்டிருந்தேன். என் மாமியார் மகனோடு வண்டியில் போய் அதைப் பார்த்துவிட்டு, படமும் பிடித்துக்கொண்டு வந்தார். அதன்பின் வயலில் நாற்றுப் பறிக்க வந்தவர்கள் முதல் ரேஷன் கடைக்காரர் வரை அந்தப் படத்தைப் பார்க்காமல் தப்பியவர்கள் குறைவு.

அந்தச் சமயத்தில்தான் கணவரின் தங்கை தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்தாள். பையன் பிறந்தான். கல்யாணத்துக்கு முன்பு இந்த வீட்டிலேயே அவள் வாய்தான் பெரிது. என் சமையலைக் கிண்டல் செய்யாமல் அவளுக்குச் சோறு இறங்காது. பிள்ளை பிறந்த பிறகு தட்டில் போட்டது போட்டபடி கிடந்தது. குழந்தை தூங்கும்போதும் அவள் விழித்தபடி மேலே ஓடும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தாள். ஒரு மத்தியானம் குழந்தையின் துணிகளை மடித்துக்கொண்டே, குழம்பில் உப்பு குறைவு என்று சொல்வதைப்போல என்னிடம் சொன்னாள்.

“இவன் வேற யார்கிட்டயாவது இருந்தா நல்லா இருப்பான் அண்ணி.”

இதே மாதிரிப் பேச்சை மீனவ ஊர்களில் கேட்டிருக்கிறேன். கேட்டு, அட்டவணையில் அதற்குரிய கட்டத்தில் சேர்த்திருக்கிறேன். அன்றைக்கு எழுந்து நேராக அடுப்படிக்குப் போனேன்.

நாளைக்கே மனநல டாக்டரிடம் அழைத்துப் போக வேண்டும் என்று மாமியாரிடம் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை. மகளுக்குப் பத்தியச் சோறு ஆக்கி ஆக்கி அவருக்கே முதுகு வளைந்திருந்தது. உலகமே என்னைக் கேட்டு எழுதும்போது, நான் வீட்டில் இருக்கும்போது, இன்னொருவரிடம் எதற்குப் போக வேண்டும் என்றார். பிறகுதான் உண்மையான பயம் வெளியே வந்தது. ஆஸ்பத்திரி பெஞ்சில் தெரிந்த முகம் ஒன்றாவது இருக்கும். மத்தியானச் சாப்பாட்டுக்குள் சம்பந்தி வீட்டுக்குச் செய்தி போய்விடும். ஊருக்கெல்லாம் எழுதுகிறவள் வீட்டிலேயே இப்படியா என்று நாலு பேர் பேசுவார்கள். என் கணவர் நடுவில் புகுந்து, நம்மைத் தெரியாத தஞ்சாவூருக்குப் போகலாமே என்றார். கைக்குழந்தையோடு தஞ்சாவூருக்கு எத்தனை தடவை போவது? முதல் தடவையோடு நின்றுவிடும் என்றேன்.

சில நாள் இப்படியே இழுத்தது. கல்லூரியில் வகுப்பு, வீட்டில் காவல். அவள் கொல்லைப்பக்கம் போனால் ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டு நானும் பின்னாலேயே போனேன். பக்கத்தில் உட்கார்ந்து மெல்லக் கேள்வி கேட்க ஆரம்பித்தால், மார்க் போடாதீங்க அண்ணி என்று திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

ஒரு சாயங்காலம் குழந்தையைப் பார்க்க உறவுக்காரர்கள் வந்தார்கள். பிள்ளைக்காரி ஏன் இப்படித் துரும்பாகிவிட்டாள் என்று கேட்டார்கள். மாமியார் போர்டுப் படத்தை எடுத்து நீட்டி, இதற்கென்றே எங்கள் வீட்டில் ஆள் இருக்கிறது, அவள் பார்த்துக்கொள்வாள் என்றார். வந்தவர்கள் கிளம்பும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

“அத்தை, எனக்கு வைத்தியம் தெரியாது. எத்தனை பேருக்கு வருதுன்னு எண்ணத்தான் தெரியும். நான் பாத்துக்குவேன்னு நம்பிக்கிட்டு இருந்தீங்கன்னா நாம இவளைப் பறிகொடுத்துடுவோம்.”

மாமியார் கைப்பேசியில் இருந்த அந்தப் படத்தை இன்னொரு தரம் பார்த்தார்.

“அப்ப அந்த போர்டு எதுக்கும்மா வச்சாங்க?”

குத்திக்காட்டவில்லை. நிஜமாகவே கேட்டார். ராத்திரி படுக்கப் போகும்முன், காலையில் ஆட்டோவுக்குச் சொல்லிவிடும்படி மகனிடம் சொன்னார்.

ஆஸ்பத்திரி பெஞ்சில் அவர் பயந்தபடியே தெரிந்த முகம் இருந்தது. அடுத்த தெருப் பெண். கையில் சீட்டோடு உட்கார்ந்திருந்தவள், எங்களைப் பார்த்ததும் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள். மாமியார் பேரனைத் தோளில் போட்டுக்கொண்டு கொஞ்சம் தள்ளி நின்றார். நானும் நாத்தனாரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். அவள் தானாகவே வாய் திறந்தாள்.

“மேட்டுப் பக்கமெல்லாம் போய்ப் பாத்தீங்களே, என்னைய மாதிரி இருந்தவங்க, அவங்கல்லாம் இப்ப எப்படி அண்ணி இருக்காங்க?”

குழந்தை முகம் பார்த்துச் சிரிக்கிற பருவம் வரைக்கும்தான் என் ஆய்வு. அதோடு அதற்கு வந்த பணமும் முடிந்தது, நானும் திரும்பிவிட்டேன். சீட்டு வாங்கியவர்கள் இந்த பெஞ்சு வரைக்காவது வந்தார்களா என்பதுகூட எனக்குத் தெரியாது. கட்டுரையைப் படித்துத் திருத்தம் சொன்னவர்கள் இதைக் கேட்கவில்லை. மேற்கோள் காட்டிய அத்தனை பேரில் ஒருவர்கூடக் கேட்டு எழுதவில்லை. கேட்டவள் இவள் ஒருத்திதான்.

தெரியவில்லை என்றேன். வெட்கமாக இருந்தது. அவள் முகத்தில் கோபம் எதுவும் இல்லை. என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அப்ப எனக்கு என்ன ஆவுதுன்னாவது கடைசி வரைக்கும் இருந்து பாருங்க.”