கோட்டுக்கு மேலே எழுதியது

உத்தமபாளையத்தில் காலை ஏழே முக்காலுக்குத் தேனி பஸ் பிடிக்கிறவர்களுக்கெல்லாம் ரெஹானாவைத் தெரியும். உட்காருமுன் சீட்டைக் கைக்குட்டையால் ஒரு துடை துடைப்பாள். "தேச்சுத் தேச்சே சீட்டுல ஓட்டை விழுந்துரும்மா" என்று கண்டக்டர் கேலி செய்தாலும் விடமாட்டாள். அவள் அத்தா உமர் பாருக் போடியில் ஏலக்காய் வியாபாரி ஒருவரிடம் முப்பது வருடம் காய் தரம் பிரித்தவர். அவர் கை வைத்த சாக்கில் ஒரு தூசி இருக்காது. அந்தக் கை அப்படியே மகளுக்கு வந்துவிட்டது என்று வீட்டில் எல்லாருக்கும் பெருமை. எதற்கும் ஓர் அளவு வேண்டும் என்று அப்போதே யாராவது சொல்லியிருக்கலாம்.

அவள் வேலை பார்க்கும் கம்பெனி தேனியில் பம்புசெட் கடை ஒன்றின் மாடியில் இருக்கிறது. திராட்சைத் தோட்டத்து மோட்டாரை ஆள் இல்லாமல் ஓட்டுகிற பெட்டி செய்கிறார்கள். கரண்டு வந்ததும் பெட்டி தானே மோட்டாரைப் போடும், வால்வைத் திறக்கும், தோட்டக்காரருக்கு போனில் சேதி அனுப்பும். பெட்டிக்குள் உள்ளங்கை அகலத்தில் ஒரு போர்டு. அந்த போர்டில் ஓடுவது லினக்ஸ்.

லினக்ஸ் ஊர்ப் பொதுச்சொத்து. யார் யாரோ எழுதி, எவரும் எடுத்துக்கொள்ளலாம் என்று வைத்தது. நமக்கு வேண்டிய மாற்றத்தை அதற்குள்ளேயே எழுதிவிட்டால், அடுத்த புது லினக்ஸ் வரும்போது அத்தனையும் போச்சு. அதனால் மாற்றங்களைத் தனித்தனிக் கோப்பாக வைத்துக்கொள்வார்கள். இந்த வரியை எடு, அந்த இடத்தில் இதைப் போடு என்று சொல்கிற கோப்பு; பேட்ச் என்று பேர். எண் போட்டு அடுக்கி வைத்து, புது லினக்ஸ் வந்ததும் அதன் மேல் வரிசையாக ஒட்டுவார்கள். அக்கம்பக்கத்து வரிகள் மாறிப்போயிருந்தால் பேட்ச்சுக்கு இடம் தெரியாது, ஒட்டமாட்டேன் என்று நின்றுவிடும். அப்போது மனுஷர்தான் உட்கார்ந்து புது இடம் பார்த்துக் கொடுக்க வேண்டும். பதின்மூன்று வருடமாக ரெஹானாவின் பிழைப்பு இதுதான்.

ஒவ்வொரு பேட்ச்சிலும் மூன்று சின்னக் கோடு இருக்கும். கோட்டுக்குக் கீழே இருப்பதுதான் மெஷினுக்கு. கோட்டுக்கு மேலே, எழுதியவர் பேர், தேதி, எதற்காக எழுதினார் என்ற காரணம். மெஷின் அதைச் சீண்டாது. மனுஷர் படிக்க மனுஷர் எழுதி வைப்பது அது.

ஆரம்பத்தில் மூன்றே பேர். முதலாளி வைகுண்டராஜ், ரெஹானா, ராயப்பன்பட்டி இம்மானுவேல். ஒரே ஒரு கம்ப்யூட்டர். பேட்ச்செல்லாம் ஒட்டிய லினக்ஸை போர்டில் ஓடுகிற மாதிரி ஒரு தடவை முழுதாகக் கட்டியெடுக்க, அதாவது பில்டு பண்ண, மூன்றரை மணி நேரம் ஆகும். மூன்றாவது மணியில் கரண்டு போனால் மறுபடி முதலிலிருந்து. அந்த மூன்றரை மணி நேரத்தை நினைத்தால் இன்றைக்கும் ரெஹானாவுக்கு மனசு இளகிவிடும். மொட்டை மாடிக்குப் போய்விடுவார்கள். ஆனி, ஆடியில் கம்பம் பக்கமிருந்து வருகிற காற்று டிபன் டப்பா மூடியைத் தூக்கிக்கொண்டு போகும். முதலாளி வேட்டியைப் பிடித்துக்கொண்டு மூடிக்குப் பின்னால் ஓடுவார். அவர் இடியாப்பத்தில் பாதி எப்போதும் இம்மானுவேல் வயிற்றுக்குத்தான். நாலு காசு வராத காலம்தான். ஆனால் அவ்வளவு சிரித்ததை அவள் வாழ்க்கையில் வேறெப்போதும் சிரித்ததில்லை.

இம்மானுவேல் ஞாயிற்றுக்கிழமை கோயிலில் வாசகம் வாசிக்கிறவன். பேட்ச் எழுதினாலும் கோட்டுக்கு மேலே சுருக்கமாக நாலு வார்த்தை எழுத அவனுக்கு வராது. எந்தத் தோட்டம், யார் வந்து சண்டை போட்டார், அவர் வீட்டு நாய் எங்கே கடித்தது என்று தமிழில் பக்கம் பக்கமாக எழுதுவான். எழுதியதை எழுந்து நின்று ஏற்ற இறக்கத்தோடு வாசித்தும் காட்டுவான்.

"ஏம்ப்பா, இது பேட்ச்சா, லெட்டரா?" என்பாள் ரெஹானா.

"லெட்டருதேன்க்கா. அஞ்சு வருசம் கழிச்சுப் படிக்கப்போறவுகளுக்குப் போடுற லெட்டரு."

2019இல் வெளியூர்க் கம்பெனி ஒன்று மொத்தமாகப் பெட்டி வாங்க வந்தது. கோப்புகளைப் பார்க்க வேண்டும் என்றார்கள். நாய்க்கடிக் கதையைப் படித்தால் சிரிக்கமாட்டார்களா என்று ரெஹானாவுக்கு வெட்கமாகிவிட்டது. ஒரு சனிக்கிழமை மத்தியானம் ஒரே ஒரு வரியில் கட்டளை கொடுத்தாள். முப்பத்தெட்டு பேட்ச்சிலும் கோட்டுக்கு மேலே இருந்ததெல்லாம் அழிந்து, அந்த இடத்தில் கம்பெனி பேர் வந்து உட்கார்ந்தது. இரண்டு நொடி வேலை. கல்லும் தூசியும் பொறுக்கிய காய் மாதிரி இருக்கிறது என்று தனக்குத்தானே மெச்சிக்கொண்டாள். பழைய பிரதி இருந்த கம்ப்யூட்டரை அந்தப் பொங்கலுக்குத்தான் எக்ஸ்சேஞ்சில் கொடுத்திருந்தார்கள். வெளியூர்க் கம்பெனி பெட்டியும் வாங்கவில்லை.

நாலு மாதம் கழித்து இம்மானுவேல் கொச்சியில் வேலை கிடைத்தது என்று கிளம்பிப்போனான். பிறகு போனும் இல்லை, பேச்சும் இல்லை. பெரிய ஊருக்குப் போனதும் மறந்துவிட்டான் என்று ரெஹானா கோபித்துக்கொண்டாள். அந்தக் கோபத்திலேயே ஆறு வருடம் ஓடிவிட்டது.

போன மாதம் விவகாரம் வந்தது. பழைய போர்டு கிடைப்பதில்லை. புது போர்டு, அதற்குப் புது லினக்ஸ். வெள்ளிக்கிழமை நானூறு பெட்டி ஓடைப்பட்டிக்கும் சுற்று ஊர்களுக்கும் போயாக வேண்டும். பெட்டிக்குள் என்ன போகலாம் என்று கடைசியாகக் கையெழுத்துப் போடுகிறவள் ரெஹானா. செவ்வாய்க்கிழமை காலை அஜய்குமார் வந்து நின்றான். கடமலைக்குண்டுக்காரன், வேலையில் கெட்டிக்காரன்.

"மேடம், பதினேழு ஒட்ட மாட்டேங்குது. எடுத்துரலாமா?"

"என்ன பண்ணுது அது?"

"ஒண்ணுமே பண்ணல. கரண்டு வந்ததும் மோட்டாரப் போடாம சும்மா நிக்கிது. போர்டு நம்பரோட கடைசி ரெண்டு எழுத்த எடுத்துக்கிட்டு, அதுக்குத் தக்கன ஒரு பெட்டி அஞ்சு செகண்டு, இன்னொண்ணு நாலு நிமிசம்னு நிக்கிது. மோட்டார் லேட்டா ஓடுதுன்னு தோட்டக்காரவுக ஏற்கெனவே வையிறாக. அது இல்லாம டெஸ்ட் பண்ணேன், பெட்டி பறக்குது."

ரெஹானா கோப்பைத் திறந்தாள். கோட்டுக்கு மேலே கம்பெனி பேர் மட்டும் பளிச்சென்று இருந்தது. கீழே நாற்பது வரி. அதில் ஒரு சொல் கண்ணில் பட்டது. காத்திருக்கும் நொடிக்கு எழுதியவன் 'பொறு' என்று பேர் வைத்திருந்தான். இப்படிப் பேர் வைக்கிறவன் உலகத்தில் ஒருத்தன்தான்.

காரணமில்லாமல் அவன் நாற்பது வரி எழுதமாட்டான் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் என்ன காரணம்? எடுத்துவிட்டு நானூறு தோட்டத்தில் ஏதாவது ஆனால் யார் பதில் சொல்வது? வைத்துக்கொண்டாலும் எதற்காக வைத்தாய் என்றால் சொல்லத் தெரியாது. பழுது என்று மிதிக்கவும் முடியவில்லை, பாம்பு என்று தாண்டவும் முடியவில்லை. முதலாளியைக் கேட்டாள். "இம்மானுவேல் ஏதோ செஞ்சான், அதுக்கப்புறம் சண்டை நின்னுச்சு" என்பதற்கு மேல் அவருக்கு நினைவில்லை.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மொட்டை மாடிக்குப் போய், ஆறு வருடமாகக் கூப்பிடாத எண்ணைக் கூப்பிட்டாள். மாறியிருக்கும் என்றுதான் நினைத்தாள். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டான்.

"அக்கா! நல்லாருக்கீகளா? அத்தா நல்லாருக்காகளா?"

சரளமாகத்தான் கேட்டான். நலம் விசாரித்து, பதினேழைப் பற்றிச் சொன்னாள்.

"அதான் மேல எழுதிருந்தேனே. படிக்கலையா நீங்க?"

அவள் சுவரோரம் போய் உட்கார்ந்தாள்.

"அழிச்சுட்டேன் இம்மானு. எல்லாத்தையும். பாக்க வர்றவுக சிரிப்பாகன்னு... ஒரு சனிக்கிழம நாந்தான் அழிச்சேன்."

"தெரியும்க்கா" என்றான் அவன். "திங்கக்கெழம வந்து தெறந்தேன். எம்பேரு ஒரு எடத்துலயும் இல்ல. நீங்க சொல்லுவீகன்னு நாலு மாசம் பாத்தேன்."

காற்றில் போனுக்குள் இரைச்சலாக இருந்தது. கையை வைத்து மூடிக்கொண்டாள். அந்த நாலு மாதமும் அவன் மாடியில் உட்கார்ந்து அதே இடியாப்பத்தைத்தான் தின்றான். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் என்ன என்று கோபம் வந்தது. வந்த வேகத்திலேயே, கேட்க வேண்டியவன் அவனா என்று வெட்கமாகப் போயிற்று.

"ஒம்பேர எடுக்கணும்னு செய்யலப்பா. அது அங்கன இருக்குறதயே நான் நெனச்சுப் பாக்கல. அதுதான் பெரிய தப்பு. மன்னிச்சிரு."

"விடுங்கக்கா." பிறகு பதினேழுக்கு வந்தான். "ஓடைப்பட்டில ராக்கப்பன் அண்ணே தோட்டம் இருக்குல்ல, அங்கன ஒரே டிரான்ஸ்பார்மர்ல பதினோரு பெட்டி. கரண்டு வந்த அந்த நொடியே பதினோரு மோட்டாரும் ஒண்ணா எந்திரிக்கும். டிரான்ஸ்பார்மர்ல பீஸ் போயிரும். மூணு தடவ போச்சு. பெட்டிக்குப் பேய் புடிச்சிருக்குன்னு எல்லாத்தையும் கழட்டி வேன்ல ஏத்தி நம்ம படிக்கட்டுல கொட்டிட்டுப் போனாக. மெஷினுக்கு வரிசைல நிக்கத் தெரியாதுல்லக்கா? அதுக்குத்தேன் ஆளுக்கு ஒரு நேரம் பிரிச்சுக் குடுத்தேன்."

"எனக்கெப்படிப்பா இது தெரியாமப் போச்சு?"

"நீங்க பிரசவத்துக்குப் போயிருந்தீகள்ல. அக்கா வந்து படிப்பாகன்னுதான் அத்தன நீளத்துக்கு எழுதுனேன். மேல மொத வரியே 'ரெஹானாக்காவுக்கு'ன்னுதான் இருக்கும்."

ரெஹானா அழுதாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆறு மாதம் கழித்து வேலைக்குத் திரும்பியவள், அப்புறம் படிக்கலாம் என்று தள்ளித் தள்ளி வைத்து, மூன்று வருடம் திறக்காத கடிதத்தைத் திறக்காமலே அழித்திருக்கிறாள். போனில் அவன் "அக்கா, அக்கா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தான்.

பதினேழாம் பேட்ச்சுக்கு அன்றைக்குச் சாயந்தரமே புது இடம் கிடைத்தது. அஜய்குமார் காரணத்தைக் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டான். "நானூறும் ஒண்ணா எந்திரிச்சிருக்குமே மேடம்" என்றான்.

புதனும் வியாழனும் சாப்பாட்டு நேரத்தில் இம்மானுவேல் கொச்சியிலிருந்து பேசினான்; ரெஹானா தட்டிக்கொண்டே வந்தாள். அவன் எழுதியவை மொத்தம் இருபத்தொன்று. ஒவ்வொன்றாகக் கோட்டுக்குக் கீழே இருந்ததை அவள் படிக்க, அவன் மேலே இருந்ததைச் சொன்னான். நாயும் வந்தது, வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடிய முதலாளியும் வந்தார். நடுநடுவே இரண்டு பேரும் சிரித்ததைக் கேட்டு வைகுண்டராஜ் கதவோரம் வந்து நின்று, இடியாப்பத்துக்கு ஆள் இல்லாமல் போச்சே என்று அலுத்துக்கொண்டார். பதின்மூன்று பேட்ச்சுக்கு அவனுக்கு ஞாபகம் வந்தது.

மிச்சம் எட்டுக்கு வரவில்லை. "எதுக்கோதேன் போட்டேன்க்கா. என்னமோ ஆச்சு. நெனவில்ல" என்றான். அவள் எவ்வளவோ எடுத்துக் கொடுத்துப் பார்த்தாள். போனது போனதுதான்.

அந்த எட்டையும் வெள்ளிக்கிழமை காலை அவளே திறந்து, கோட்டுக்கு மேலே ஒரே மாதிரி எழுதினாள்.

"எழுதியவர் இம்மானுவேல், ராயப்பன்பட்டி. எதற்காக என்று அவர் தெளிவாக எழுதி வைத்திருந்தார். படிக்காமலே நான் அழித்துவிட்டேன். தயவுசெய்து இதை எடுத்துவிடாதீர்கள். — ரெஹானா."