வார மொத்தத்தை ஏழால் வகுத்தேன்

எங்கள் ஊர் எப்போதும்வென்றானுக்கு மேற்கே, கரிசல் காட்டுக்கு நடுவில் இருக்கிறது. ஊராட்சிக் கட்டடத்தில் ஒரு படிப்பறை உண்டு. அதில் ஒரே ஒரு கம்ப்யூட்டர். அந்த அறையைத் திறப்பது, பெருக்குவது, பூட்டுவது என் வேலை. அதற்கு முன்னால் இருபது வருஷம் கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீசில் பண்டல் கட்டினேன். படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. கம்ப்யூட்டரில் எனக்குத் தெரிந்தது சுவிட்சைப் போடுவதும் அணைப்பதும்தான்.

இன்னொரு வேலையும் உண்டு. யார் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தாலும் உட்கார்ந்த நேரத்தையும் எழுந்த நேரத்தையும் நோட்டில் குறிக்க வேண்டும். சனிக்கிழமை சாயங்காலம் எல்லாவற்றையும் கூட்டி வார மொத்தம் எழுதுவேன். ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. யாரிடமும் அதிகம் பேச வேண்டியிராத வேலை என்பதால் எனக்கு அது பிடித்திருந்தது.

தினமும் தவறாமல் வருகிறவர் ஒரு பெண். ஊருக்கு மருமகளாக வந்து நாலு வருஷம் ஆகிறது. கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு, அரசாங்க வேலைக்கான பரீட்சைக்குப் படிக்க வருவார். பழைய கேள்வித்தாள்களைப் போட்டுப் பார்ப்பார், தட்டச்சு பழகுவார். கோவில்பட்டிக்குப் போய்ப் படிக்க வீட்டில் விட மாட்டார்கள். இங்கே வந்தால் மட்டும் மாமியார் ஒன்றும் சொல்வதில்லை, வாசலில் நின்று கூப்பிட்டால் கேட்கும் தூரம் என்பதால்.

இந்த வருஷம் கோவில்பட்டி அலுவலகத்திலிருந்து ஒரு தாள் வந்தது. எட்டு வாரக் கணக்கைப் பார்த்து, ஒரு நாளைக்குச் சராசரியாக எத்தனை மணி நேரம் கம்ப்யூட்டர் ஓடுகிறது என்று எழுதி அனுப்பச் சொல்லியிருந்தார்கள். மூன்று மணி நேரத்துக்குக் குறைந்தால் அதை வேறு ஊருக்கு மாற்றிவிடுவார்களாம்.

நோட்டை எடுத்து வைத்துக் கூட்டினேன். எட்டு வாரத்துக்கும் சேர்த்து நூற்று முப்பத்து நாலு மணி நேரம். வாரத்துக்கு ஏழு நாள், எட்டு வாரத்துக்கு ஐம்பத்தாறு நாள். பள்ளிக்கூடத்தில் வாரம் என்று வந்தால் ஏழால்தான் வகுக்கச் சொல்லித் தந்தார்கள். இரண்டு மணி இருபத்து மூன்று நிமிஷம் வந்தது. இரண்டு தடவை சரிபார்த்தேன், தப்பில்லை. யாரிடமும் காட்டாமல் எழுதித் தபாலில் போட்டுவிட்டேன்.

மறுநாள் அந்தப் பெண் அந்தத் தாளைப் பற்றிக் கேட்டபோதுதான் சொன்னேன். அவர் நோட்டை வாங்கிப் புரட்டினார்.

"அண்ணாச்சி, ஞாயித்துக்கிழமை நீங்க தொறக்கவே மாட்டீங்களே. அதையும் சேர்த்தா வகுத்தீங்க?"

"வாரம்னா ஏழு நாள்தானம்மா."

"நல்லா இருக்கு. தீப்பெட்டி ஆபீசுல ஞாயித்துக்கிழமை பூட்டிப் போட்டுட்டு, அன்னைக்கும் ஏன் பண்டல் கட்டலன்னு கேட்டா நீங்க சும்மா இருப்பீங்களா?"

"சும்மாதான் இருந்திருப்பேன்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் பக்கத்தைத் திருப்பியதும் சிரிப்பு நின்றது. ஒரு வாரம் முழுக்க நான் பூஜ்ஜியம் போட்டிருந்தேன்.

அது கோயில் கொடை வாரம், ஊர்ச் சாமிக்குத் திருவிழா. படிப்பறை கோயிலை ஒட்டி இருக்கிறது. பந்தக்கால் ஊன்றும் கால்நாட்டு முடிந்ததும் அரிசி மூட்டைகளையும் அண்டாக்களையும் கொண்டுவந்து அங்கே இறக்கிவிட்டார்கள். கொடைக் கமிட்டிப் பெரியவர் ஒருவர், "ஏலே, ஒரு வாரந்தான? கொடை சமயத்துல எவன் வந்து கம்ப்யூட்டர் தட்டப் போறான்? சாவியக் கொடு" என்றார். கொடுத்துவிட்டேன். நோட்டில் இடத்தைக் காலியாக விட்டால் வேலைக்கு வராதவன் மாதிரி இருக்குமே என்று, ஆறு நாளுக்கும் ஆறு பூஜ்ஜியம் போட்டு வைத்தேன்.

அந்தப் பெண் ஒரு தாளில் கணக்குப் போட்டார். ஞாயிற்றுக்கிழமைகளை மட்டும் கழித்தால் நாற்பத்தெட்டு நாள். மூன்று மணிக்குப் பத்துப் பன்னிரண்டு நிமிஷம் குறைவு. கொடை வாரத்தையும் கழித்தால் நாற்பத்திரண்டு நாள். மூன்று மணி பதினோரு நிமிஷம்.

"கோவில்பட்டிக்குப் போய்ச் சொல்லிட்டு வாங்க. உங்க பூஜ்ஜியத்துனால என் பரீட்சை போயிரும்" என்றார்.

"நீங்களும் வாரீங்களா?"

"என்னைய விடுவாவளா? நீங்கதான் போவணும்."

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, சொல்ல வேண்டியதை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். இருபுறமும் உளுந்து விதைத்த நிலம். எங்கள் பக்கம் மழையை நாள் கணக்கில் யாரும் பங்கு போடுவதில்லை. மண் நனைந்து உழ முடிகிற அளவை வைத்து ஒரு உழவு மழை, இரண்டு உழவு மழை என்றுதான் பேச்சு. வருஷத்து மழையை முன்னூற்று அறுபத்தைந்தால் வகுத்தால் தினமும் நாலு தூறல் விழுந்ததாகக் கணக்கு வரும். அப்படிப் பெய்தால் ஒரு விதை முளைக்காது. வகுத்து வருகிற எண் பொய்யில்லை. ஆனால் அப்படி ஒரு நாள் எங்கள் ஊரில் வந்ததும் இல்லை. இவ்வளவு காலம் இந்த மண்ணில் இருந்துகொண்டு எனக்கு ஏன் இது கணக்குப் போட்ட அன்றைக்குத் தோன்றவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அலுவலகத்தில் அதிகாரி நோட்டை வாங்கிப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமையை உடனே ஒத்துக்கொண்டார். பூஜ்ஜியத்தில் விரலை வைத்தார்.

"இந்த வாரம் என்ன? கரண்டு இல்லையா?"

கரண்டு இல்லை என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். அவரே வாயில் எடுத்துக் கொடுத்த மாதிரிதான் இருந்தது.

"கோயில் கொடை சார். சாமான் வைக்கக் கேட்டாவ, சாவியக் கொடுத்துட்டேன்."

"யார் அனுமதி கொடுத்தது?"

"யாருங் கொடுக்கல சார். நான் முடியாதுன்னு சொல்லல."

"அப்ப மூடுனது நீங்க. யாராவது வந்து திரும்பிப் போனாங்களா?"

போனார். அந்தப் பெண் இரண்டு நாள் வந்து, அண்டாக்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். அதையும் சொன்னேன். அதிகாரி கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"கொடை வாரத்தைக் கழிக்க முடியாது. நீங்க பூட்டினா அது அந்தக் கம்ப்யூட்டர் சும்மா கிடந்த நாள்தான். இன்னும் நாலு வாரம் பார்க்கிறேன். அதுலயும் மூணுக்குக் குறைஞ்சா வண்டி வரும்."

ஊருக்குத் திரும்பி அந்தப் பெண்ணிடம் நடந்ததைச் சொன்னேன். கரண்டு என்று ஏன் சொல்லவில்லை என்று கேட்பார் என எதிர்பார்த்தேன். அவர் கேட்டது வேறு.

"அண்ணாச்சி, ஞாயித்துக்கிழமையும் தொறப்பீங்களா? அன்னைக்குத்தான் எங்க வீட்டுக்காரவ வீட்டுல இருப்பாவ, பிள்ளையப் பாத்துக்கிடுவாவ. பரீட்சை கிட்ட வந்துட்டு."

இப்போது எனக்குக் கணக்கு புரிந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை திறந்தால் வகுக்கிற நாள் ஆறிலிருந்து ஏழாகும். அன்றைக்கு இவர் மட்டும் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனால் சராசரி இறங்கும். திறக்காமல் இருப்பதுதான் கம்ப்யூட்டருக்குப் பாதுகாப்பு. அதை அவரிடம் சொன்னேன். நானாக ஒருவரிடம் அவ்வளவு நீளமாகப் பேசியது எப்போது என்று நினைவில்லை.

"அப்ப மூணு மணி நேரத்துக்குக் கொறையாம ஓடணும், அவ்வளவுதானே? என் நாத்தனாரையும் கூட்டிட்டு வாரேன். அவளுக்குக் கல்லூரிக்கு மனு போடணும். தொறந்து வையுங்க."

திறந்தேன். முதல் ஞாயிறு இரண்டு பேரும் மூன்றரை மணி நேரம் இருந்தார்கள். இரண்டாவது ஞாயிறு நாத்தனாரின் சிநேகிதிகள் இரண்டு பேர் சேர்ந்து வந்தார்கள். மூன்றாவது ஞாயிறு மத்தியானம் வரைக்கும் ஆளே இல்லை. நான் வாசலில் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெண்ணின் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று பிறகு தெரிந்தது. அன்றைக்கு நோட்டில் ஒரு மணி நேரம்தான் ஏறியது. வேறு யாரையாவது உட்காரவைத்து நேரம் குறிக்கலாமா என்று ஒரு யோசனை வந்தது. குறிக்கவில்லை.

நாலு வாரம் முடிந்து கூட்டியபோது தொண்ணூற்றொரு மணி நேரம். இந்தத் தடவை இருபத்தெட்டால் வகுத்தேன். மூன்றே கால். போனில் சொன்னேன். அதிகாரி எதிர்முனையில் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, "சரி, அங்கேயே இருக்கட்டும்" என்றார்.

உள்ளே போய் அந்தப் பெண்ணிடம் சொன்னேன். அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஒரு கேள்வியின் பாதியில் இருந்தார்.

"நல்லது அண்ணாச்சி. நான் உக்காந்து பத்து நிமிஷம் ஆச்சு, இன்னும் நீங்க குறிக்கல."

நோட்டை எடுத்தேன்.