முப்பத்திரண்டு அங்குல மேடை

கொத்தனார்கள் எல்லா வீட்டிலும் சமையல் மேடையை ஒரே உயரத்தில் கட்டிவிட்டுப் போகிறார்கள். குட்டையானவள் தோளைத் தூக்கிக்கொண்டும் நெட்டையானவள் முதுகை வளைத்துக்கொண்டும் ஆயுசு முழுக்க வேலை செய்ய வேண்டியதுதான். எனக்கு இது பிடிக்காது. செங்கல்பட்டில் இரண்டு ஆசாரிகளோடு பட்டறை வைத்திருக்கிறேன். மரம் என்றால் மரம்தான். பிளைவுட் மேல் தேக்கு மாதிரி மைக்கா ஒட்டச் சொல்கிறவர்களை வாசலோடு அனுப்பிவிடுவேன். சமையலறை செய்வதென்றால், சமைக்கிறவரை நிற்கவைத்து, முழங்கையை மடக்கச் சொல்லி, தரையிலிருந்து அளவெடுத்துத்தான் மேடையின் உயரத்தை முடிவு செய்வேன்.

நெம்மேலி வீட்டிலும் அப்படித்தான் டேப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, "யாரு சமைக்கிறது?" என்று கேட்டேன்.

கணவன், மனைவி, கணவனின் அம்மா மூன்று பேரும் நின்றிருந்தார்கள். அம்மா திருக்கழுக்குன்றம் பக்கத்துக் கிராமத்திலிருந்து புது வீட்டைப் பார்க்க வந்தவர். பதில் அவரிடமிருந்து வந்தது.

"இன்னா கேள்விமா இது? மருமவதான். எம்புள்ளையா கரண்டி புடிப்பான்?"

எல்லோரும் சிரித்தோம். மருமகள் வந்து நின்றாள். ஐந்தடிகூட இல்லை. முப்பத்திரண்டு அங்குலம் என்று எழுதிக்கொண்டேன். கணவன் ஆறடி. அவன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். பார்த்தேன், யோசிக்கவில்லை.

வேலை முடித்துச் சில மாதம் கழித்து, கடல் காற்றில் ஒரு இழுப்பறை உப்பிக்கொண்டது என்று போன் வந்தது. இழைப்புளியோடு போனேன். மனைவி நாவலூர் ஆபீசில் இருந்தாள். கணவன் மேடை முன்னால் காலை அகட்டி, தண்ணீர் குடிக்கும் ஒட்டகச்சிவிங்கி மாதிரி குனிந்து வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தான். இடுப்பில் ஒரு பட்டையான பெல்ட்.

"இன்னாபா இது?"

"டாக்டர் குடுத்ததுக்கா. முதுகு எலும்பு வெலகிக்கினு வருதாம். இப்டியே குனிஞ்சா வண்டி ஓட்ட முடியாதுன்றாரு." அவன் டாக்சி டிரைவர்.

"அப்ப எதுக்கு குனியிற? உன் பொண்டாட்டி..."

"கல்யாணம் ஆனதுலேந்து நாந்தாங்கா சமைக்கிறேன். அவளுக்கு காலைல ஏழு மணிக்கு ஆபீஸ் பஸ்ஸு."

"அளவு எடுக்க சொல்ல வாயில இன்னா வெச்சிருந்த?"

"எங்கம்மா எதிர்ல எப்டிக்கா சொல்றது? நீ வேற போலீசு மாதிரி டேப்ப புடிச்சிக்கினு கேட்டுட்ட."

கோபம் தலைக்கு ஏறியது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. அவன் மேலா, அந்த அம்மா மேலா? என் வீட்டில் நான் அடுப்பைத் தொட்டுப் பல வருஷம் ஆகிறது. சோறு வடிப்பது என் வீட்டுக்காரர். என் மாமியார் வந்தால் மட்டும் நான் கரண்டியோடு நிற்பேன். அப்படிப்பட்ட நான், அந்தக் கேள்வியை ஒரு மாமியார் எதிரில் எந்தப் புத்தியில் கேட்டேன்?

தப்பு என்னுடையதும்தான். கிரானைட் பலகையைத் தூக்கி இறக்கி, அலமாரிகளுக்கு அடியில் தரையோடு ஆறு அங்குல மரப் பீடம் கொடுத்து உயர்த்தித் தருகிறேன் என்றேன். சாயங்காலம் மனைவி போன் செய்தாள்.

"ஏத்திடுங்கக்கா. ஆனா பொங்கலுக்கு அத்த வருவாங்க. அன்னிக்கு நான்தான நிக்கணும்? ஏறி நிக்க ஒரு பலகை செஞ்சி குடுங்க. மத்த நாளெல்லாம் இவரு கால்ல தடுக்காம உள்ள போயிடணும்."

"பொய் சொல்றதுக்கு நான் பலகை செய்யணுமா?"

"நீங்க பலகைய செய்ங்கக்கா. பொய்ய நாங்க பாத்துக்கிறோம்."

போனை வைத்துவிட்டேன். மைக்கா ஒட்ட மாட்டேன் என்கிறவள் இதை மட்டும் எப்படிச் செய்வது? செய்யாவிட்டால் மேடையை உயர்த்த விடமாட்டார்கள், அவன் முதுகு போய்விடும். சொல்லிவிடுங்களேன் என்று அறிவுரை சொல்லலாம். நான் சொன்னேனா என் மாமியாரிடம்?

செய்தேன். மீந்த வேங்கை மரத்தில், ஆணி இல்லாமல், பீடத்துக்குள் டிராயர் மாதிரி போய் மறைகிற பலகை. இத்தனை வருஷத்தில் இவ்வளவு சுத்தமாக நான் எதையும் செய்ததில்லை. அது எனக்கு இன்னும் கடுப்பாக இருந்தது.

மேடையை உயர்த்திய ஞாயிற்றுக்கிழமை இருவரும் வீட்டில் இருந்தார்கள். அவன் நிமிர்ந்து நின்று ஒரு முருங்கைக்காயை வெட்டிப் பார்த்தான். "ஆங்" என்றான், அவ்வளவுதான். பிறகு அவள் பலகையை இழுத்து ஏறி நின்றாள்.

"உப்பு எந்த டப்பால கீது?"

"ரெண்டாவது. அது இல்ல, அது சோடா உப்பு. அம்மா வந்தா இப்டி தேடிக்கினு நிக்காத."

அவள் கரண்டியை எடுத்துக் காலிச் சட்டியில் கிண்டிக் காட்டினாள். "எப்டிக்கா, சமைக்கிற மாதிரி கீதா?"

அவள் அதைப் பேனா மாதிரி பிடித்திருந்தாள். நான் கருவிகளை எடுத்துக்கொண்டு கிளம்பியிருக்க வேண்டும். கிட்டே போய், அவள் விரல்களைப் பிரித்து, கரண்டியைச் சரியாகப் பிடிக்க வைத்தேன்.