படுகளத் திரை

கூத்துத் திரையை விரித்தபோது தோட்டத் தலைவரும் தப்புக்காரர்களும் ராக்கம்மாவும் நானும் இருந்தோம்; பட்டாளத்துக்குப் போன ராக்கம்மாவின் மகன் இல்லை. திரை எழுதியவர் அவனோடு போய்த் திரும்பியவர். ஒரு காது கேட்காது. முகங்களைக் கடைசியில்தான் எழுதுவார். வாளேந்திய வீரர்களுக்குப் பதில், சேற்றில் கிடக்கும் பட்டாளத்துப் பையன்களை எழுதியிருந்தார்.

“சண்டைக்கும் சாவு அடியே அடிங்கப்பா,” என்றார் தப்புக்காரர்களிடம்.

“வீரனுக்குச் சாவு மேளமா? காதோட மூளையும் போச்சாய்யா?” என்று தலைவர் சிரித்தார். தப்பு சண்டை அடியிலேயே முழங்கியது.

கூத்தில் செத்து விழுந்தவர்களைப் பூசாரி தண்ணீர் தெளித்து எழுப்புவது வழக்கம். திரையில் மகனைக் கண்ட ராக்கம்மா, “இவனையும் எழுப்புங்க சாமி!” என்று கதறினார்.

“எழும்ப மாட்டான் தாயி. நான்தான் புதைச்சேன்,” என்றார் ஓவியர்.

ராக்கம்மா பூசாரி கையிலிருந்த தண்ணீர்ச் செம்பைப் பிடுங்கித் திரையில் ஊற்றினார். சாயம் கரைந்து முகம் வழிந்தது. யாரும் சொல்லாமலே தப்பு சாவு அடிக்கு மாறியது.

அந்த முகத்தை மறுபடி எழுதித் தரும்படி ஓவியரிடம் கெஞ்சினேன். “கை வராது தம்பி,” என்றார். ராக்கம்மாவிடம் மகனின் படம் வேறு இல்லை.