சாரலைப் பிடித்த தொட்டி

மேலகரத்தில் வீடு கட்டியபோது மேற்குச் சுவரில் மட்டும் நான்கு ஜன்னல் வைத்தோம். குற்றாலத்துச் சாரல் அந்த வழியாகத்தான் வரும். வெளியூர்க்காரர்கள் ரூம் போட்டு அனுபவிக்கிற காற்று நமக்குச் சும்மா கிடைக்கிறதே என்ற திமிர் எனக்கு உண்டு.

போன சீசனில் அந்தத் திமிர் அடங்கியது. பீரோவுக்குப் பின்னால் சுவரெல்லாம் பூசணம். என் மனைவிக்கு இளைப்பு. படுக்கிற அறை ஈரமில்லாமல் இருக்க வேண்டும், முடியாவிட்டால் சீசன் முடிகிறவரை ராயகிரியில் அவள் அம்மா வீட்டில் இருக்கட்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றைக்கே அவள் பரணிலிருந்து துணிப்பெட்டியை இறக்கிக் கட்டிலடியில் வைத்தாள். மூன்று மாதம் அவளில்லாமல் அந்த வீட்டில் என்னால் இருக்க முடியாது.

தேடிப் பிடித்து ஒரு டீஹ்யூமிடிஃபையர் வாங்கினேன். காற்றின் ஈரத்தை உறிஞ்சி, அடியிலுள்ள தொட்டியில் தண்ணீராக இறக்கிவிடும் மெஷின். படுக்கையறையில் வைத்து ஓடவிட்டால் மத்தியானத்துக்குள் தொட்டி நிறைந்துவிட்டது. இவ்வளவு தண்ணீரும் இதுவரை எங்கே நின்றிருந்தது? தொட்டியைக் குலுக்கினேன், மோந்து பார்த்தேன், வாளியில் ஊற்றி அளந்தேன். பக்கத்து வீட்டு அண்ணாச்சி வேடிக்கை பார்க்க வந்தார்.

"காத்துக்குள்ள இம்புட்டுத் தண்ணி கெடக்கா? அப்பம் அருவிக்கு எதுக்குப் போகணுங்கேன்?" என்றார்.

ஆனால் நாலு நாளாகியும் இளைப்பு குறையவில்லை. மெஷினில் ஈரத்தைக் காட்டும் எண் தொண்ணூறை விட்டு இறங்கவுமில்லை. ஐந்தாம் நாள்தான் கூடவே வந்த புத்தகத்தைப் பிரித்தேன். முதல் பக்கத்திலேயே போட்டிருந்தது: ஜன்னல்களை மூடிவிட்டு இயக்கவும். நிமிர்ந்து பார்த்தேன். திரைச்சீலை பறந்துகொண்டிருந்தது. சீசனில் ஜன்னலை மூடலாம் என்பது எங்கள் ஊரில் யாருக்கும் தோன்றாது. ஐந்து நாளாக நான் குற்றாலத்தையே காயவைக்கப் பார்த்திருக்கிறேன்.

மூடப் போனபோது அவள் குறுக்கே வந்து நின்றாள். "சாரல அடைச்சிட்டு இருக்கதுக்கு நான் ராயகிரியிலேயே கெடக்கலாம்லா. அங்கனதான் மழையே கெடையாதே."

காய்ந்த ஊரில் பிறந்தவள். இந்தக் காற்றுக்காகவே என்னைக் கட்டிக்கொண்டதாகக் கேலி செய்வாள். பாதி நிஜம் என்றுதான் நினைக்கிறேன். கடைசியில் முன்கூடம் சாரலுக்கு, படுக்கையறை மெஷினுக்கு என்று முடிவானது.

அடுத்த நாள் மத்தியானம் தொட்டியில் பாதிகூட இல்லை. அதற்கடுத்த நாள் ஒரு டம்ளர். மெஷின் மக்கர் செய்கிறது என்று கழற்றப் போனேன். எண் ஐம்பத்தைந்தில் நின்றது.

முன்கூடத்து ஜன்னலோரம் காபியோடு உட்கார்ந்திருந்தவள் சொன்னாள்: "ரெண்டு நாளா இளைப்பே இல்ல. கட்டிலடியில கெடக்க பெட்டியத் தூக்கிப் பரண்ல போடுங்க."

துணிமணியோடு கனமாக இருக்கும் என்று இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கினேன். சட்டென்று மேலே வந்துவிட்டது. திறந்து பார்த்தேன். உள்ளே பழைய பரண் தூசி அப்படியே இருந்தது; ஒரு சேலைகூட அவள் அதில் எடுத்து வைத்திருக்கவில்லை.