தம்பிக்காகத் தாலி கட்டிய அஞ்சலை அக்கா

போன மாதம் ஒரு நாள், மூன்றாம் வகுப்புக்கு நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது, திண்டிவனம் ஸ்டேஷனிலிருந்து பாயிண்ட்ஸ்மேன் ஒருவர் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றார். விழுப்புரத்திலிருந்து ரயில்வே போனில் செய்தி வந்திருக்கிறது என்றார். அவர் தலைப்பாகையைக் கழற்றும்போதே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. "லோகோ ஷெட்டு மாணிக்கம் சம்சாரம் தவறிட்டாங்களாம். உங்களுக்குத்தான் மொதல்ல சொல்லச் சொன்னாராம்."

விழுப்புரம் ரயில்வே குவார்ட்டர்ஸில் அஞ்சலை அக்காவைத் தெரியாதவர்கள் இல்லை. பால்காரரோடு சண்டை போடும் குரலைப் பக்கத்து லைனில் இருக்கும் நீங்களும் கேட்டிருப்பீர்கள். ஆனால் அவர் எனக்கு யார் என்பதில் உங்களில் பலருக்குக் குழப்பம் உண்டு. என்னை அவர் தங்கை என்றும், தூரத்து உறவு என்றும், அநாதைப் பெண் என்றும்கூடச் சொல்லிக்கொண்டார்கள். உண்மையில் எனக்குத் தாலி கட்டியவர் அவர்தான்.

அக்காவுக்குப் பிறந்த ஊர் விக்கிரவாண்டிக்குப் பக்கத்தில். இருந்த கொஞ்ச நிலமும் பங்காளிகளுக்குள் துண்டாகி, மழையும் இரண்டு வருஷம் ஏமாற்றியபின், ஒரே தம்பி ஏழுமலை மலேயாவுக்குக் கப்பல் ஏறினார். அந்த ஊரில் அப்போது வாலிபம் உள்ள ஆண்கள் பாதிப் பேர் அப்படித்தான் போனார்கள். ஒருவன் கைக்கடிகாரத்தோடு திரும்பி வந்து தெருவில் நடந்தால் போதும், அடுத்த கப்பலுக்கு நாலு பேர் தயார். வயல்களில் பெண்களும் கிழவர்களும் மட்டும் தெரிந்தார்கள். "போறவன் பசின்னு போறான். இருக்கிறவளுக்கும் பசிக்கும்னு ஒருத்தனுக்கும் தோண மாட்டேங்குது" என்பார் அக்கா.

ஐம்பதுகளின் நடுவில் எனக்கும் ஏழுமலைக்கும் சம்பந்தம் பேசினார்கள். எங்கள் ஊர் திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கம். அப்பாவுக்கு மல்லாட்டை என்கிற வேர்க்கடலைச் சாகுபடி, நாலு பெண்கள். மாப்பிள்ளை வந்தால் மறுபடி மலேயாவுக்குள் விடமாட்டார்களாம். ஆனால் மனைவி என்று சொன்னால் பெண்ணைக் கப்பலில் விடுவார்களாம். ஏஜெண்டு இப்படிச் சொன்னதும், இங்கேயே கல்யாணத்தை முடித்து அனுப்பிவிடுவது என்று பெரியவர்கள் தீர்மானித்தார்கள். நாத்தனார் முடிச்சு எப்படியும் போடுகிறாள், மூன்றையும் அவளே போடட்டும் என்று ஏற்பாடு. மாப்பிள்ளையின் தாயாருக்கு அதில் அவசரம். மாப்பிள்ளையைக் கடிதத்தில் கேட்டதற்கு, உங்கள் இஷ்டம் என்று பதில் வந்ததாகச் சொன்னார்கள்.

திரௌபதி அம்மன் கோயிலில் கல்யாணம். மணையில் என் பக்கத்தில் சட்டம் போட்ட ஒரு போட்டோ. யாரோ ஒரு மாமா மாப்பிள்ளை மாலையை எடுத்து அந்தப் போட்டோவுக்குப் போடப் போனார். "அய்யோ, போட்டோவுக்குப் போடாதீங்க!" என்று அக்கா போட்ட கூச்சலில் மேளம் நின்றுவிட்டது. செத்தவர்களுக்கல்லவா படத்தில் மாலை போடுவோம்! மாலையைப் பிடுங்கித் தன் கழுத்தில் போட்டுக்கொண்டு, போட்டோவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அந்தக் கோலத்தில்தான் எனக்குத் தாலி கட்டினார். பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். அக்காவுக்கு வியர்த்து ஊற்றியது.

அதற்குப் பின் பயம்தான். மாமியார் வீட்டில் நான் கப்பல் ஏறுவதற்கான பேப்பர் வரும் என்று காத்திருந்தேன். மலேயாத் தோட்டங்களில் துப்பாக்கிச் சண்டை என்று ஒருவர் சொல்வார், காய்ச்சல் என்று இன்னொருவர் சொல்வார். வாசலில் சைக்கிள் மணி கேட்டால் தந்தியோ என்று எழுந்து ஓடுவேன். விழுப்புரத்திலிருந்து பஸ் ஏறி வரும் அக்கா, செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே என் கழுத்தைத்தான் பார்ப்பார். ஆடிப்பெருக்குக்குக் கயிறு மாற்றவும் அவரே வந்து முடிச்சுப் போடுவார். "தூக்கம் வரலடி சரோஜா. கட்டினது என் கை. நாளைக்கு ஒண்ணுன்னா என் கைதானே பதில் சொல்லணும்?" என்பார். பயமாக இருந்தால் நிற்கவே மாட்டார், எங்கள் வீட்டுப் பாத்திரங்களையெல்லாம் எடுத்துப்போட்டுத் துலக்குவார்.

நாலைந்து வருஷங்கள் போயின. கணவனைப் பிரிந்து இருந்த மனைவிகளை இனி விடமாட்டார்கள், சட்டம் மாறுகிறது என்று பேச்சு வந்தபோது அக்கா என்னை அழைத்துக்கொண்டு நாகப்பட்டினம் போனார். கப்பல் தூரத்தில் நிற்க, ஆட்களைப் படகில் கொண்டுவந்து இறக்கினார்கள். அக்கா ஒவ்வொருவரிடமும் தோட்டத்தின் பெயரைச் சொல்லிக் கேட்டார். கடைசியில் விக்கிரவாண்டிப் பக்கத்து ஆள் ஒருவர் அகப்பட்டார்.

"ஏழுமலையா? நல்லா இருக்குறாரும்மா. அவரு சம்சாரம் எங்க லயத்து வீட்டு வரிசையிலதான் இருந்துச்சி. ரெண்டு புள்ளைங்க."

"எப்பத்திலேருந்து?"

"நான் போனப்பவே குடும்பமாத்தான் இருந்தாங்க. ஏழெட்டு வருசம் இருக்கும். நீங்க யாரு?"

"நான் அவன் அக்கா. இது அவனுக்கு நாங்க கட்டி வெச்ச பொண்ணு."

அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஜல்தியாக நகர்ந்துவிட்டார். என் கல்யாணத்துக்கு முன்பே ஏழுமலைக்குக் குடும்பம் இருந்திருக்கிறது. தாயாரிடம் சொல்லப் பயந்து, உங்கள் இஷ்டம் என்று சொல்லிவிட்டார். ரயிலில் எனக்கு அழுகை வரவில்லை. எங்கே போவது என்ற ஒரே கவலைதான். எனக்குப் பின்னால் கல்யாணத்துக்கு இரண்டு தங்கைகள் நிற்க, அப்பா என்னைத் திரும்பச் சேர்த்துக்கொள்ள மாட்டார் என்று தெரியும்.

விஷயம் கேட்ட மாமியார் அசரவில்லை. "அங்க ஒண்ணு இருந்தா இன்னா? இவ இங்க இருந்துக்கினு என்னைப் பாத்துக்கட்டும். ஏறின தாலி ஏறினதுதான்" என்றார்.

அக்கா என்னைத் தனியாகக் கிணற்றடிக்கு அழைத்துப்போனார். "நான் அவுத்துடறேன். சம்மதமா? எனக்குப் பயமாத்தான் இருக்குது, பொய் சொல்ல மாட்டேன்." சுமங்கலி ஒருத்தி இன்னொருத்தியின் தாலியைக் கழற்றினால் கழற்றியவளின் புருஷனுக்கு ஆகாது என்று ஊரில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அக்கா புருஷன் மாணிக்கம் மாமாவுக்கோ அப்போது எஞ்சின் கரிப்புகையில் ஓயாத இருமல். அவர்தான், "இருமலுக்கு டாக்டரு இருக்காரு. நீ போயி அந்தப் பொண்ணப் பாரு" என்று அனுப்பியிருந்தார்.

அதே கோயில், அதே பெரியவர்கள். காலை வெயிலில் அக்கா என் பின்னால் நின்றார். ஒருவர் அரிவாள்மணையை நீட்டினார். "அறுக்கறதுக்கு எவன் செத்தான்? நான் போட்ட முடிச்சு, நானே அவுக்கறேன்" என்றார். கயிறு மஞ்சளில் இறுகியிருந்தது. விரலால் முடியாமல் பல்லால் இழுத்தார். அவர் மூச்சு என் பிடரியில் பட்டுக்கொண்டே இருந்தது. மாமியார் மண்ணை வாரித் தூற்றினார். "இனிமே உனக்குப் பொறந்த வீடு இல்லடி. என் பொணத்துக்கும் வராதே!"

சொன்னபடியே நடந்தது. தாயார் இறந்தபோது அக்கா தெருமுனை வரை போனார், பங்காளிகள் உள்ளே விடவில்லை. நானோ அக்கா வீட்டில் தங்கி, எட்டாவது படித்திருந்த தைரியத்தில் திண்டிவனத்தில் ஆசிரியப் பயிற்சியில் சேர்ந்து, அங்கேயே வாத்தியாரம்மாவும் ஆனேன். எனக்காகப் பிறந்த வீட்டை இழந்ததை அக்கா ஒரு நாளும் சொல்லிக் காட்டியதில்லை. லீவுக்கு நான் வரும் வண்டி தாமதமானால் மட்டும் ஸ்டேஷனுக்கு வந்து எல்லாரையும் பேஜார் பண்ணுவார்.

போன மாதம் செய்தி கேட்டு நான் போய்ச் சேர்ந்தபோது பாடை கட்டியாகிவிட்டது. ஆனாலும் எடுக்கவில்லை. சுமங்கலிக்குப் பிறந்த வீட்டுக் கோடிப் புடவை வந்தாக வேண்டும். விக்கிரவாண்டியிலிருந்து ஒருவரும் வரவில்லை, வரப்போவதும் இல்லை. "நாதியத்துப் போவுதே" என்று யாரோ மெல்லச் சொன்னார்கள். அந்தச் சொல்தான் எனக்குப் பொறுக்கவில்லை. கடைத்தெருவுக்கு ஓடி ஒரு சிவப்புப் புடவை வாங்கி வந்தேன்.

"நீ எந்த மொறையிலம்மா போடறே?" என்று ஒரு பெரியவர் தடுத்தார். நான் வாயைத் திறப்பதற்குள் மாணிக்கம் மாமா மூலையிலிருந்து எழுந்து வந்தார். "அது போடட்டும். அவ பொறந்த வீட்டை வுட்டது இதுக்காகத்தானே" என்றார்.

போர்த்தினேன். அக்கா தூங்குவதுபோல இல்லை, எதற்கோ கவலைப்படுவதுபோலத்தான் இருந்தார்.

அவரிடமிருந்து எனக்கு நகை நட்டு எதுவும் வரவில்லை. திருவெண்ணெய்நல்லூரில் அப்பா வீட்டுக் கதவு எனக்கு இன்னும் திறக்கவில்லை. ஆனால் பிறந்த வீடு எது என்று யாராவது என்னைக் கேட்டால் நான் தடுமாறுவதில்லை. விழுப்புரம், ரயில்வே குவார்ட்டர்ஸ், அஞ்சலை வீடு.